சிறிய வெட்டு, பெரிய அறுவை

புழலில் ஒரே தெருவில் குடியிருக்கும் இருவருக்கு ஒரே நாளில் காயம் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஜி.என்.டி. சாலையில் சைக்கிளிலிருந்து சறுக்கி விழுகிறார். சாலையோரம் கிடந்த தகரத்தின் விளிம்பு அவருடைய தொடைத் தோலை 12 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்துவிடுகிறது. வேட்டியெல்லாம் இரத்தம். பார்த்தவர்கள் பதறிப் போகிறார்கள்.

இரண்டாமவர் உங்களைப் போன்ற ஒரு பள்ளி மாணவர். ஜன்னலைச் சாத்தும்போது கண்ணாடி உடைந்து மணிக்கட்டின் உட்புறத்தில் குத்திவிடுகிறது. காயத்தின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கைக்குட்டையால் அழுத்திப் பிடித்ததும் இரத்தம் நின்றுவிடுகிறது. "ஒன்றுமில்லை, ரெண்டு தையல் போட்டால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள்.

மருத்துவமனையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. தொடைக் காயம் ஆழமில்லை, தோலோடு நின்றுவிட்டது என்றால், அந்த இடத்தை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, சுத்தம் செய்து, பத்துப் பன்னிரண்டு தையல் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மணிக்கட்டில் காயம்பட்ட மாணவரையோ உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள். கை முழுவதையும் மரத்துப்போகச் செய்து, அறுவை அரங்கில், உருப்பெருக்கும் கண்ணாடிகளின் உதவியோடு மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சிகிச்சை நடக்கிறது. அதன் பிறகும் அவருடைய விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்ப அரையாண்டுக்கு மேல் ஆகலாம்.

முதலாவது 'மைனர்', அதாவது சிறு அறுவை. இரண்டாவது 'மேஜர்', அதாவது பெரிய அறுவை. வெட்டின் நீளத்தை ஸ்கேலால் அளந்து இந்தப் பெயர்களைச் சூட்டவில்லை என்பது தெளிவாகிறதல்லவா? அப்படியானால் எதை வைத்துச் சூட்டினார்கள்?

தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

உங்கள் இடது உள்ளங்கையை மேலே பார்க்கும்படி வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டுங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலுக்கடியில் கயிறுகள் நகர்வது தெரியும். அவைதாம் தசைநாண்கள். விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. கிணற்று இராட்டினத்தில் கயிற்றை இழுப்பதுபோல அங்கிருந்து அவை இழுக்க, இங்கே விரல் மடங்குகிறது. மணிக்கட்டின் உட்புறத்தில் மட்டும் இப்படிப்பட்ட நாண்கள் பன்னிரண்டு செல்கின்றன. அவற்றோடு இரண்டு பெரிய நரம்புகள், இரண்டு தமனிகள். இத்தனையும் ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்குச் சற்றே கூடுதலான இடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. கண்ணாடிச் சில்லு ஒன்றரை சென்டிமீட்டர் நுழைந்தால் எதை எதை அறுத்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

தசைநாண் எப்போதும் இழுவிசையில் இருப்பது. அறுந்தவுடன், இழுத்துக் கட்டிய ரப்பர் நாடாவை வெட்டினால் நேர்வதுபோல, மேல் முனை உள்ளே ஓடி ஒளிந்துகொள்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அறுவை மருத்துவர் காயத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பிறகு நாணுக்கு நாண், நரம்புக்கு நரம்பு என்று இணை பார்த்துச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டில் ஒன்றை மாற்றித் தைத்தாலும் மாணவர் நடுவிரலை மடக்க நினைக்கும்போது மோதிரவிரல் மடங்கும்!

ஆகவே கையில் வெட்டுக்காயம் பட்டவரைக் கண்டால் காயத்தின் நீளத்தைப் பார்த்துத் தேறுதல் அடையாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்த பிறகு, இரண்டே கேள்விகள் கேளுங்கள். எல்லா விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட முடிகிறதா? ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டால் தெரிகிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், பக்கத்து மருந்துக் கடையில் கட்டுப் போட்டுக்கொள்ளும் காயம் அல்ல அது. வட சென்னையில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் விரலில் போடும் கோடு மயிரிழை போலத்தான் இருக்கும். அடியில் இருக்கும் நாண் வரை அது போயிருக்கிறதா என்பதை மடக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று மூடிய அறைகள்

சிறியது, பெரியது என்ற பிரிவினை மிகப் பழையது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை அறுவை வேலைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது: வெட்டி எடுத்தல், கீறித் திறத்தல், சுரண்டுதல், குத்துதல், துழாவுதல், பிடுங்கி எடுத்தல், வடியவிடுதல், தைத்தல். இது வேலையின் தன்மையைக் கொண்டு செய்த பிரிவு. ஆபத்தைக் கொண்டு பிரிக்கும் வழக்கம் வேறொரு அச்சத்திலிருந்து பிறந்தது.

தலை, மார்பு, வயிறு ஆகிய மூன்றும் உடலின் மூடிய அறைகள். நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் இவற்றைத் திறக்கத் தயங்கினார்கள். கட்டியைக் கீறினார்கள், பல் பிடுங்கினார்கள், நசுங்கிய காலை வெட்டி நீக்கினார்கள். வயிற்றைத் திறப்பது கொலைக்குச் சமம் என்று எண்ணினார்கள். 1809-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இஃப்ரைம் மெக்டவல் என்பவர் ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்மணியின் வயிற்றைத் திறந்து, சூல்பையில் வளர்ந்திருந்த ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள கட்டியை அகற்றினார். மயக்க மருந்து என்று ஒன்று அப்போது கிடையாது. அந்த அம்மையார் பிழைத்து அதன் பின்னும் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து ஒருவரை மயக்கினார்; ஜான் வாரன் என்ற மருத்துவர் அவருடைய கழுத்துக் கட்டியை நீக்கினார். 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தில் கிருமி வளராமல் தடுக்கும் முறையை வெளியிட்டார். வலியும் சீழும் ஒருவாறு கட்டுக்குள் வந்த பிறகே மூன்று அறைகளின் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த அறைகளுள் ஒன்றைத் திறந்தால் அது பெரிய அறுவை, தோலோடும் அதன் அடிப்பகுதியோடும் நின்றுகொண்டால் சிறு அறுவை என்ற வழக்கமும் இப்படித்தான் நிலைத்தது. பாடப்புத்தகங்கள் பலவற்றில் இன்றும் இதைக் காணலாம். எலும்பு, மூட்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றில் செய்யும் அறுவைகளையும் பெரிய கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனால் இந்த வழக்கத்திலும் 'பெரிய திறப்பு' என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. 1985-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மூஹே லேப்பராஸ்கோப் கருவியால் பித்தப்பையை அகற்றிக் காட்டியபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா அதை இந்தியாவில் செய்தார். இந்த முறையில் வயிற்றில் சில துளைகள் மட்டுமே போடுகிறார்கள். பெரிய துளையே 1 சென்டிமீட்டர் அளவுதான். அதன் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல உயர்த்துகிறார்கள். அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது ஏறத்தாழ 16 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள தண்ணீரின் அழுத்தம். காற்றையே அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். உள்ளே மின்சாரத்தால் சூடேறும் கருவிகள் வேலை செய்கின்றன. கரியமில வாயு எரிதலுக்குத் துணை போகாது. மேலும் அது இரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும்.

வெளியே தெரிவது மூன்று நான்கு ஒட்டுப் பிளாஸ்திரிகள். உள்ளே நடந்ததோ ஓர் உறுப்பையே அகற்றிய பெரிய அறுவை. முழு மயக்கமும், செயற்கை மூச்சும், எதிர்பாராத இரத்தப் பெருக்கு நேர்ந்தால் வயிற்றை அகலத் திறக்கும் ஆயத்தமும் அதற்கு வேண்டும். "துளை போட்டுத்தானே செய்தார்கள்" என்று மறுவாரமே அரிசி மூட்டை தூக்கப் புறப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

உலகம் முழுவதற்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே எல்லைக்கோடு இல்லை. உலகில் ஓராண்டில் எத்தனை பெரிய அறுவைகள் நடக்கின்றன என்று கணக்கெடுக்க உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் முற்பட்டபோது முதலில் ஓர் இலக்கணம் வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அறுவை அரங்கில், திசுவை வெட்டியோ அகற்றியோ தைத்தோ செய்யப்படுவது. வழக்கமாக உடலின் ஒரு பகுதியை மரக்கச் செய்தோ, ஆழ்ந்த உறக்கத்திலோ முழு மயக்கத்திலோ வைத்தோ செய்யப்படுவது — இதுவே அவர்கள் கொண்ட பொருள். அந்தக் கணக்குப்படி 2004-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 23 கோடியே 40 இலட்சம் பெரிய அறுவைகள் நடந்தன என்று 2008-இல் வெளியிட்டார்கள். அந்த இலக்கணத்தில் வெட்டின் நீளத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மயக்கத்துக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மயக்கமும் ஒரு கோப்பை காப்பியும்

மரக்கச் செய்வதில் படிகள் உண்டு. விரலில் நகச்சுற்றுக் கட்டியைக் கீற வேண்டுமானால் விரலின் அடியில் இரு பக்கமும் லிக்னோகெயின் ஊசி போடுவார்கள். நரம்புகள் அந்த வழியாகச் செல்வதால் விரல் முழுவதும் சில நிமிடங்களில் மரத்துவிடும். இந்த மருந்தை ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நீல்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கினார். நரம்பில் செய்தி ஓடுவது மின்னூட்டம் பெற்ற சோடியம் அணுக்கள் நரம்பிழைக்குள் பாய்வதால்தான். மருந்து அந்த நுழைவாயிலை அடைத்துவிடுகிறது. கழுத்துப் பக்கத்திலோ அக்குளிலோ நரம்புக் கற்றைக்கு அருகில் ஊசி போட்டால் கை முழுவதும் மரக்கும். நம் மாணவருக்குச் செய்தது இதுதான். அவர் விழித்திருந்தபடியே அறுவை நடந்திருக்கும்.

முழு மயக்கம் இவற்றிலிருந்து வேறானது. அதில் உறங்குவது மூளை மட்டுமன்று. இருமுவதும் விழுங்குவதும் ஆகிய காவல் வேலைகளும் சேர்ந்து உறங்கிவிடுகின்றன. விழித்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலே புரையேறி இருமித் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. இரைப்பையில் உணவு இருந்தால் அது மேலெழுந்து, அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் இந்த விபத்தைக் கண்டு 1946-இல் விரிவாக எழுதினார் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர். பொதுவாக, எளிய உணவும் பாலும் சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம் என்ற விதி இதனால் வந்தது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டிருந்தால் இன்னும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் 'சின்ன ஆபரேஷன்' என்ற சொல் ஆபத்தாகிறது. "சின்ன ஆபரேஷன்தானே, பிள்ளை பசி தாங்காது" என்று பாட்டியோ அத்தையோ நர்ஸுக்குத் தெரியாமல் ஒரு கோப்பை காப்பியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் பாலும் பிஸ்கட்டும் இரைப்பையில் இருப்பது மயக்க மருத்துவருக்குத் தெரியாது. அறுவை பத்து நிமிடத்தில் முடியும் சிறு வேலையாக இருக்கலாம். முழு மயக்கம் கொடுத்தால் அந்தப் பத்து நிமிடத்திலும் நுரையீரலுக்கு உள்ள ஆபத்து பெரியதுதான். வீட்டில் யாருக்காவது அறுவை என்றால் இந்த ஒரு செய்தியை நீங்களே பொறுப்பேற்றுச் சொல்லுங்கள். தவறிச் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அறுவை செய்துகொள்பவர் யார் என்பதும் கணக்கில் சேரும். நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கு ஒன்று, அடங்காத நீரிழிவோ இதய நோயோ உள்ளவருக்கு மற்றொன்று என்று நோயாளியின் உடல்நிலைக்கே மயக்க மருத்துவர்கள் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கால் விரல் புண்ணைச் சுத்தம் செய்வது பதினெட்டு வயதினருக்குச் சிறு வேலை. நீரிழிவு முற்றிய தாத்தாவுக்கு அதே வேலை காலையே காப்பாற்றும் போராட்டமாகிவிடலாம்.

கண்புரையை எங்கே வைப்பது? வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு; கண்ணை மட்டும் மரக்கச் செய்கிறார்கள்; வீட்டுக்கு அன்றே திரும்பலாம். 1967-இல் சார்லஸ் கெல்மன் தொடங்கிவைத்த முறையில், நம் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் நடுங்கும் ஊசி புரையைத் தூளாக்கி உறிஞ்சிவிடுகிறது. உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தவறினால் போவது பார்வை. இதைச் சிறிது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியில் ஒரு முக்கோணம்

புழலிலிருந்து மூலக்கடை, வியாசர்பாடி வழியாகத் தெற்கே சென்றால் பழைய சிறைச்சாலைச் சாலையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் தொடர்ச்சியாக வளர்ந்தது. அதனால் இதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று வட சென்னைப் பெரியவர்கள் சொல்வார்கள். இதைச் சுற்றியுள்ள ஊர்களைப் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் — எங்கும் தொழிற்சாலைகளும் பட்டறைகளும். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். துறைமுகத்தில் பளுதூக்கும் இயந்திரங்கள். தகடு வெட்டும் பவர் பிரஸ், லேத், ஆலைப் பெல்ட், தெருமுனைக் கரும்புச் சாறு இயந்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் முதலில் இரையாவது மனிதனின் விரல்தான்.

தமிழ்நாட்டுக்குக் கை அறுவை புதியதன்று. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் வேலையை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார். ஆலை விபத்தில் சிதைந்த கைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவை ஸ்டான்லியில் 1971-இல் தொடங்கினார் டாக்டர் ஆர். வெங்கடசாமி. (மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி வேறு, இவர் வேறு.) இன்று அது கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான நிலையமாக வளர்ந்திருக்கிறது.

அங்கு உருவான ஒரு முறை நம் கேள்விக்கு நல்ல விடை. பிரஸ்ஸில் விரல் நுனி சாய்வாக நறுக்குண்டு, எலும்பு வெளியே தெரிகிறது. போனது ஒரு சென்டிமீட்டர் சதைதான். மிக எளிய வழி, எலும்பை இன்னும் கொஞ்சம் வெட்டிக் குறைத்து, இருக்கும் தோலை இழுத்து மூடுவது, விரல் குட்டையாகிவிடும். வேறிடத்துத் தோலை ஒட்டலாம். ஆனால் அந்த நுனிக்கு முன்போல் உணர்ச்சி இருக்காது.

உணர்ச்சி அவ்வளவு முக்கியமா? ஒரு சோதனை செய்து பாருங்கள். கொண்டை ஊசியின் இரு முனைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இருக்கும்படி வளைத்து, கண்ணை மூடிய நண்பரின் விரல் நுனியில் மெதுவாக வையுங்கள். இரண்டு முனை என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அதையே முதுகில் வையுங்கள். ஒன்று என்பார். முதுகில் இரண்டு என்று உணர இடைவெளி 4 சென்டிமீட்டர் அளவுக்காவது வேண்டும். சட்டைப் பையில் கைவிட்டுப் பார்க்காமலே ஐந்து ரூபாய் நாணயத்தை எடுக்கிறோம் என்றால், நுனிவிரலுக்குக் கண் இருக்கிறது என்றே பொருள். உணர்ச்சியற்ற நுனியைக் கொண்டவர் திருகாணியைப் பிடிக்க அந்த விரலைப் பயன்படுத்தவே மாட்டார். அடுத்த விரலைக் கொண்டு சமாளிப்பார்.

டாக்டர் வெங்கடசாமியும் டாக்டர் என். சுப்பிரமணியனும் கண்ட வழி இது. விரலின் பக்கவாட்டில் காயத்தின் விளிம்பை அடியாகக் கொண்டு ஒரு சாய்ந்த முக்கோணம் வரைகிறார்கள். அந்த முக்கோணத் தோலைச் சுற்றிலும் விடுவிக்கிறார்கள். ஆனால் அதற்கு உயிரூட்டும் தமனியையும் நரம்பையும் மட்டும் அறுக்காமல் காம்புபோல விட்டுவைக்கிறார்கள். காம்போடு கூடிய அந்த முக்கோணத்தை முன்னே நகர்த்தி நுனியை மூடுகிறார்கள். பின்னால் ஏற்படும் இடைவெளியின் இரு கரைகளையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தோல் அதே விரலின் தோல். நரம்பும் கூடவே வருகிறது. ஆகவே நுனிக்கு உணர்ச்சி உண்டு. 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'பிளாஸ்டிக் அண்டு ரீகன்ஸ்ட்ரக்டிவ் சர்ஜரி' இதழில் இதை வெளியிட்டார்கள். கை அறுவை படிப்பவர்கள் இன்று பல நாடுகளில் இதை 'வெங்கடசாமி' பெயராலேயே அறிவார்கள்.

இதைச் செய்ய விரலையோ கையையோ மட்டும் மரக்கச் செய்தால் போதும். அப்படியானால் இது சிறு அறுவையா? தமனியின் தடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அது கீறுபட்டால் முக்கோணம் முழுவதும் கறுத்துப் போகும். இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் அதைத் தேடவே முடியாது. எனவே முதலில் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி ரப்பர் பட்டையைச் சுற்றிக் கையிலுள்ள இரத்தத்தைப் பிழிந்து மேலேற்றுகிறார்கள். பிறகு மேற்கையில், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போன்ற ஒன்றைக் கட்டிக் காற்றடைக்கிறார்கள். இங்கே இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. இதயம் தள்ளும் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே இது சுமார் 1.6 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். பட்டையில் சுமார் 250 மில்லிமீட்டர், அதாவது 3.4 மீட்டர் தண்ணீரின் அழுத்தம் வைத்தால் இரத்தம் அதைத் தாண்டி வர முடியாது. கை வெளிறிப் போகிறது. உள்ளே இருப்பதெல்லாம் படம்போலத் தெரிகிறது. ஆனால் இரத்தமில்லாத கையைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் காயம்பட்டவர் கையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். துணியால் அழுத்துவதே நம் வேலை.)

துண்டான விரலுக்கு எத்தனை மணி?

விரல் முழுதாகத் துண்டானால் மீண்டும் பொருத்த முடியுமா? 1962-இல் பாஸ்டனில் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் துண்டான கையை ரொனால்டு மால்ட் குழுவினர் பொருத்தினர். விரல் இன்னும் கடினம். குழாய்கள் அவ்வளவு நுண்ணியவை. 1965-இல் ஜப்பானின் நாரா நகரில் கோமாட்சு, தமாய் என்ற இருவர் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் கீழ் வெற்றிகரமாக இணைத்தார்கள். இதற்குப் பயன்படும் நூலின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமயிர் அதைவிடத் தடித்தது.

விரலில் தசை இல்லாததால் அது ஓரளவு காத்திருக்கும். சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரம், குளிரில் வைத்தால் ஒரு நாள் வரைகூட. தசை நிறைந்த முழுக்கைக்கு அந்தச் சலுகை இல்லை. 6 மணி நேரத்துக்குள் இரத்தம் ஓடியாக வேண்டும். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைத்துக் காயம்பட்டவரோடு அனுப்ப வேண்டும். விரலை நேரே பனிக்கட்டியில் போடுவது பெருந்தவறு. உயிரணுவிலுள்ள நீர் உறைந்து பனிப்படிகமானால் பருமன் கூடி அணுவைக் கிழித்துவிடும். பட்டறைகளில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லா விரலையும் பொருத்துவதும் அறிவுடைமை ஆகாது. கூரிய கத்தியால் துண்டானது வேறு. பிரஸ்ஸில் கூழானது வேறு. ஒரே ஒரு விரல் நசுங்கிப் போயிருந்தால், ஆறு மணி நேரம் நுண்ணோக்கியில் தைத்து, மூன்று முறை மறு அறுவை செய்து, ஓராண்டு கழித்து விறைத்துப்போன விரல் ஒன்றைக் கொடுப்பதைவிட, அரை மணி நேரத்தில் மூடித் தைத்துச் சில வாரங்களில் வேலைக்கு அனுப்புவது தினக்கூலிக்காரருக்கு நன்மையாக இருக்கலாம். கட்டைவிரல் என்றால் கதை வேறு. கையின் வேலையில் ஏறத்தாழ 40 சதவீதம் அதனுடையது என்று கை மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். அதற்காக எவ்வளவு பெரிய அறுவையும் தகும். சிறியதா பெரியதா என்பதைச் சில வேளைகளில் நோயாளியும் மருத்துவரும் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கவே வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசும்போது பிழைப்பும் வீட்டுச் செலவும் பேச்சில் வந்தே தீரும்.

நம் மணிக்கட்டு மாணவரிடம் திரும்புவோம். தைத்த நாண் ஓட்டையில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மெல்ல அசைக்க வேண்டும். மிகையாக அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். ஆகவே சிம்பு வைத்துக் கட்டி, பயிற்சியாளர் சொன்ன அளவுக்கு மட்டும் விரல்களை அசைப்பார். கனமான எதையும் தூக்கச் சுமார் 12 வாரம் ஆகும். நரம்பின் கணக்கு தனி. அறுந்த நரம்பிழை மறுபடி வளரும் வேகம் சராசரியாக நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாட்கள். தொடக்கத்தில் சில வாரங்கள் வளர்ச்சி தொடங்கவே ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நரம்பு செல்லும் வழியில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், வளரும் முனை வந்த இடத்தில் 'சுரீர்' என்று எறும்பு ஊர்வது போலிருக்கும். இதை 1915-ஆம் ஆண்டில் பிரான்சில் ஜூல் டினேலும் ஜெர்மனியில் பால் ஹாஃப்மனும் தனித்தனியே கண்டு எழுதினார்கள். அப்போது அவர்களுடைய நாடுகள் இரண்டும் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்தன. இருவர் முன்பும் குண்டடிபட்ட கைகள் குவிந்திருந்தன. நம் மாணவர் மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வரும்போது மருத்துவர் தட்டிப் பார்த்து, சுரீர் என்ற இடத்தைப் பேனாவால் குறித்து, ஸ்கேலை வைத்து அளக்கிறார். சென்ற மாதத்தைவிட 3 சென்டிமீட்டர் முன்னே வந்திருந்தால், நோயாளிச் சீட்டில் தேதி போட்டு அந்த எண்ணை எழுதிக்கொள்கிறார்.